ஒழுங்கையில் அதிகம் உழைக்கிறவள்

1

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பிறந்தால் எனக்குச் சம்பளம் கூடும். நான் நன்றாக வேலை செய்கிறேன் என்பதற்காக அல்ல. இந்த நாட்டு அரசாங்கம், ஒரு மணித்தியாலத்துக்கு ஆகக் குறைந்த கூலி இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லும். அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம். மேலே கொடுத்தால் குற்றமில்லை, ஆனால் என் முதலாளி அந்த அளவுக்குப் போய் என்னைச் சங்கடப்படுத்தியதில்லை. அதனால் அரசாங்கம் ஏறினால் நானும் ஏறுவேன். இந்த ஏப்ரலில் பதினொரு பவுண்டுக்கும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் இடத்தில் எனக்கு வேலை. விரிப்பின் இரண்டு மூலைகளை நான் பிடிக்க, மற்ற இரண்டையும் இன்னொருவர் பிடிக்க, இருவருமாக அதை இயந்திரத்தின் வாயில் கொடுப்போம். எங்கள் மேற்பார்வைக்காரியின் பெயர் லிண்டா. அவள் என்னைவிட மணிக்கு இருபது பென்ஸ் கூடுதலாக எடுத்தவள். அந்த இருபது பென்ஸுக்காக ஒரு சாவிக்கொத்தையும் எங்கள் எல்லோருடைய முறைப்பாடுகளையும் சுமந்துகொண்டு திரிந்தாள். இந்தமுறை ஆகக் குறைந்த கூலி ஏறி அவளைத் தொட்டுவிட்டது. இரவு படுக்கும்போது அவள் எனக்கு மேலே இருந்தாள், காலையில் எழும்பும்போது இருவரும் ஒன்று. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

இங்கே வந்த புதிதில் எனக்கு நடந்ததைச் சொன்னால் ஊரில் நம்பமாட்டீர்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும், பக்கத்து இயந்திரத்தில் நின்ற ஆணுக்கு எவ்வளவு என்று விசாரித்தேன். அவருக்கும் அதே காசுதான். கணக்கில் பிழை விட்டுவிட்டார்கள், கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்துக் கொஞ்சக் காலம் அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடாமலே வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பிறகு அதில் ஒரு குளிர் அங்கி வாங்கினேன்.

2

அப்படி நினைத்ததில் என் பிழை எதுவும் இல்லை. புத்தளத்தில் உப்புநீர்க் களப்போரம் உள்ள உப்பளத்தில் நான் வேலை செய்தபோது கூலி இரண்டு வகை. ஆண் கூலி, பெண் கூலி. ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரம்பில் குவிப்பார்கள். பெண்கள் நாங்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் வாடிக் கொட்டிலில் கொட்டுவோம். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். உப்பு காலைத் தின்பதும் எல்லோருக்கும் ஒன்றுதான். கூலி மட்டும் இரண்டு.

ஏன் என்று ஒருநாள் கங்காணியிடம் கேட்டதற்கு அவர் காரணம் வைத்திருந்தார். ஈர உப்பு நிறைந்த கூடையைப் பெண்ணால் தனியாகத் தன் தலையில் தூக்கி வைக்க முடியாது, இன்னொரு ஆள் தூக்கிவிட வேண்டும், அதனால் ஒரு கூடைக்கு ஒன்றரை ஆள் வேலை செய்கிறதாம். தூக்கிவிடுகிற அந்த அரை ஆளும் ஒரு பெண்தான், அவளுக்கும் பெண் கூலிதான் என்று சொன்னேன். அவர் தன் குடையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

அந்த அரை ஆளுக்குப் பெயர் பஸ்ரியா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவளும் என்னைப் போல மன்னார்ப் பக்கத்திலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துப் புலிகளால் விரட்டப்பட்டு, பெற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கரைத்தீவுப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள். உப்பளத்தில் எங்கள் இருவரையும் சோடி என்பார்கள். என் கூடையை அவள் தூக்கி என் தலையில் வைப்பாள். அவளுடையதை நான் தூக்கி வைப்பேன். ஒருத்தி வராத நாளில் மற்றவளுக்கும் வேலை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவள்தான் முதலில் கவலைப்படுவாள், அந்தக் கவலையில் அன்பும் இருந்தது, அவளுடைய அன்றைய கூலியும் இருந்தது.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் கணவர் என்னையும் மகளையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது. பஸ்ரியா ராத்தா வேறு சோடி பிடித்துக்கொண்டாள். இன்றுவரை அதே உப்பளத்தில்தான் இருக்கிறாள்.

3

மகள் ஹனாவுக்கு இப்போது பதினேழு. சனி, ஞாயிறுகளில் ஒரு சப்பாத்துக் கடையில் நிற்கிறாள். அவளுக்கும் ஆகக் குறைந்த கூலி உண்டு, ஆனால் அது என்னுடையதைவிடச் சின்னது. இருபத்தொரு வயது வந்தால்தான் முழு ஆள் என்று இங்கே கணக்கு. அவள் இதை அநியாயம் என்கிறாள். நான் அந்த வயதில் தலையில் உப்புச் சுமந்தேன் என்று தொடங்கினால் காதுக்குள் எதையோ செருகிக்கொள்கிறாள். அதனால் அந்தக் கதையை நான் பாதியோடு நிறுத்தப் பழகிவிட்டேன்.

இந்த வருடம் அவளுடைய படிப்பில் ஒரு ஒப்படை கொடுத்தார்கள். ஏதாவது இரண்டு இடங்களை எடுத்து, ஆகக் குறைந்த கூலியையும் அங்கே சாதாரணமாக ஒரு வளர்ந்த ஆள் உழைப்பதையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகள் இரண்டு நாடுகளின் புள்ளிவிவரங்களை எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். இவள் இரண்டு தெருக்களை எடுத்தாள். ஒன்று நாங்கள் இப்போது இருக்கும் தெரு. மற்றது புத்தளத்தில் அவள் பிறந்த ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து.

சாதாரண ஆள் என்றால் யார் என்று கேட்டேன். குசினி மேசையில் உப்பு, மிளகுத்தூள் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கிக் காட்டினாள். நாட்டில் உழைக்கிற எல்லோரையும் சம்பளப்படி குறைந்தவரில் தொடங்கி வரிசையாக நிற்பாட்ட வேண்டும். சரியாக நடுவில் நிற்கிறவர்தான் சாதாரண ஆள். அவர் மூன்று எடுத்தால் ஆகக் குறைந்த கூலிக்காரர் இரண்டு எடுக்க வேண்டும் என்பது இந்த அரசாங்கத்தின் விருப்பமாம்.

"அப்ப நான் எங்க நிக்கிறன்?" என்று கேட்டேன்.

அவள் வரிசையின் ஒரு நுனியிலிருந்த உப்புப் போத்தலைத் தொட்டுக் காட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. உப்பு எனக்குப் பழக்கமானதுதான்.

எங்கள் தெருவில் கணக்கெடுப்பு ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது, ஏனென்றால் யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கிழவர் நாய் செத்துப்போனதைப் பற்றியும் தன் புரோஸ்டேட்டைப் பற்றியும் கதவடியில் நின்று விரிவாகச் சொல்லக்கூடியவர். சம்பளம் என்றதும் மெதுவாகக் கதவைச் சாத்தினார். இந்த நாட்டில் மனிதர்கள் உடுப்பில்லாமல் படுத்து வெயில் காய்வார்கள், வருமானத்தை மட்டும் மூடி வைத்திருப்பார்கள். கடைசியில் ஹனா இந்தப் பக்கத்துக்கு அரசாங்கம் வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொண்டாள்.

4

ஊர்ப் பக்கத்தைச் செய்வதற்கு என் மூத்த சகோதரர் ரவூப் நானாவைப் பிடித்தோம். நானா ஒழுங்கை முகப்பில் சைக்கிள் திருத்துகிறவர், எல்லோரையும் தெரிந்தவர். மருமகள் கேட்டால் எதையும் செய்வார். "இருபது பேரிட மாத வருமானம் வேணும் மாமா, அவ்வளவுதான்" என்று ஹனா சொன்னாள். நானா ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

இந்த இடத்தில் நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். நான் பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்கும் ஞாபகம் மழுங்கிவிட்டது.

எங்கள் ஆட்களின் வாசலில் ஒருவர் எழுதுகிற கையோடு வந்து நின்று, வீட்டில் எத்தனை பேர், மாதம் என்ன வருமானம் என்று கேட்டால், தொண்ணூறு முதல் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நிவாரணம். அரிசியும் பருப்பும், பிறகு தகரம், பிறகு கக்கூஸ், பிறகு வீட்டுத் திட்டம். அந்தக் கேள்விக்குச் சரியான விடை என்ன என்பது எங்கள் அகதி முகாமில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கேட்கிறவர் நிவாரணக்காரராக இல்லாவிட்டால் வரிக்காரராக இருக்கலாம். அப்போதும் விடை அதேதான். கூட்டிச் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு, அது கலியாணம் பேசும்போது.

லண்டனில் இருந்து கணக்குக் கேட்கிறார்கள் என்ற செய்தி நானா மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் ஒழுங்கையின் மறுமுனைக்குப் போய்விட்டது. இரண்டு ஓட்டோ வைத்திருப்பவர், பெற்றோலுக்கே சரியாகிறது, கைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றார். வள்ளமும் என்ஜினும் உள்ளவர், கடல் தந்தால் உண்டு, கடல் தருவதில்லை என்றார். கட்டாரில் இரண்டு மகன்கள் உள்ள ஒரு தாய், அவர்கள் சதம் அனுப்புவதில்லை என்று அழுதார். அவர் அழும்போது பின்னால் மேசன்மார் மேல்மாடிக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்ததால் நானாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம், இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னாராம்.

எல்லோருக்கும் மேலே ஒருவர் இருந்தார். ஒழுங்கையில் பெரிய கடை வைத்திருப்பவர். சிமெந்தும் தகரமும் மாவும் சீனியும் அவரிடம்தான் வாங்க வேண்டும். இரண்டு தரம் ஹஜ் செய்ததால் ஹாஜியார் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. இருப்பவர்கள் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஸகாத்தைச் சேர்த்துப் பங்கிடும் பள்ளிவாசல் கமிட்டியின் தலைவரும் அவர்தான். நானா போனபோது கல்லாவில் காசு எண்ணிக்கொண்டிருந்தாராம்.

"எனக்கென்ன வருமானம் ரவூப்? எல்லாம் கடன். வருமானம் இல்லண்டு எழுது."

"ஒண்டும் இல்லயா ஹாஜியார்?"

"ஒண்டும் இல்ல."

நானா நேர்மையானவர். சொன்னதை எழுதினார்.

5

அந்த இருபது பேரில் ஒரே ஒருத்தி உண்மை சொன்னாள்.

பஸ்ரியா ராத்தா அப்போதுதான் உப்பளத்தில் இருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நானா கேள்வியைக் கேட்டதும், ஒரு நாள் கூலி, மாதத்தில் கிடைக்கிற நாள், மழைக்காலத்தில் உப்புப் பைக்கட்டு நிரப்பப்போய் வருகிற காசு எல்லாவற்றையும் விரல் மடித்துக் கூட்டிச் சொன்னாள். நானாவே கொஞ்சம் பதறிவிட்டார்.

"பஸ்ரியா, ஒழுங்கையில எல்லாரும் குறைச்சித்தான் செல்லியிரிக்கிறாங்க. நீயும் கொஞ்சம் குறைச்சிச் செல்லன்."

"எதுக்கு நானா? ஒழைச்சத ஒழைக்கல்லண்டு செல்லப்படாது. அல்லாஹ் தாற பரக்கத்துப் போயிரும்."

அவளுடைய வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகி, அதற்கு மேல் பொலித்தீன் விரித்து, பொலித்தீன் பறக்காமல் பழைய டயர்களை ஏற்றி வைத்திருக்கிறாள். அவளுடைய கணவர் உப்பு லொறியில் இருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். நடப்பார், பாரம் தூக்கமாட்டார். கூரைக்கு ஏறவும் மாட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். சித்திரை மழைக்கு முன்னால் அந்தக் கூரையை மாற்றாவிட்டால் அதற்குப் பிறகு மாற்றக் கூரை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கமிட்டிக்கும் தெரியும். இந்த ரமழான் நோன்பில் சேருகிற ஸகாத்தில் மூன்று வீட்டுக்குக் கூரை போடுவதென்றும், அதில் முதல் பெயர் பஸ்ரியாவுடையது என்றும் நோன்புக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

இங்கே ஹனா இருபது பேரையும் வரிசையில் நிற்பாட்டினாள். ஆகக் கீழே வருமானமே இல்லாமல் ஹாஜியார். அவருக்குப் பக்கத்தில் கட்டார் தாய். நடுவில் ஓட்டோக்காரர். எல்லோருக்கும் மேலே, மற்றவர்களைவிடப் பல மடங்கு உயரத்தில், தலையில் உப்புக் கூடையோடு பஸ்ரியா ராத்தா. பெண் கூலிக்காரி ஒருத்தி எங்கள் ஒழுங்கையின் பெரிய பணக்காரி ஆகிவிட்டாள்.

ஒப்படையின் முதல் பிரதியைப் பார்த்த ஆசிரியை ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். மற்றப் பத்தொன்பதும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன, இந்த ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை, தகவல் பிழையாக இருக்கலாம், சரிபார்க்கவும்.

6

இதுவரைக்கும் இது சிரிக்கிற கதைதான். நானும் சலவை இடத்தில் லிண்டாவுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்து, அந்தச் சாட்டில் மறுபடி பேசத் தொடங்கியிருந்தேன்.

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒருநாள் நானா கோல் எடுத்தார். குரல் சரியில்லை. கமிட்டி கூடியபோது, ரவூப் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறதே, அதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்களாம். இவரும் கொடுத்துவிட்டார். லண்டனுக்கு எடுத்த கணக்கென்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும்தானே. பார்த்தார்கள். ஒழுங்கையில் ஆகக் கூட உழைக்கிறவளுக்கு ஸகாத்தில் எப்படிக் கூரை போடுவது, நாளைக்கு மறுமையில் யார் பதில் சொல்வது என்று ஹாஜியார் கேட்டாராம். பஸ்ரியாவின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓட்டோக்காரரின் பெயரைப் போட்டார்களாம்.

"நீங்க ஒண்டும் செல்லல்லயா?" என்று கேட்டேன்.

"என்னத்தச் செல்ல தங்கச்சி? நான்தானே எழுதினன்."

"ஹாஜியாருக்கு வருமானமே இல்லண்டும் நீங்கதானே எழுதினீங்க. அத ஆரும் பாக்கல்லயா?"

"பாத்தாங்க. மரியாதைக்கு ஆரும் ஒண்டும் கேக்கல்ல."

நானாவை நான் குறை சொல்லமாட்டேன். சைக்கிள் டயரும் டியூப்பும் ஹாஜியாரின் கடையில்தான் கடனுக்கு எடுக்கிறார். ஆனால் என் மகளுக்குப் புள்ளி கிடைப்பதற்காக ஒருத்தியின் கூரை போயிருக்கிறது. நோன்பு திறந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் முடிவெடுத்தேன். கணவரிடம் சொல்லிவிட்டுப் பஸ்ரியா ராத்தாவுக்கு நேராகக் கோல் எடுத்தேன். கூரைக் காசை நான் அனுப்புகிறேன் என்றேன்.

அவளுக்குப் பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

"அது ஸகாத்துக் காசா ஜெஸீமா?"

"இல்ல ராத்தா, என்ட சம்பளம்."

"அப்ப வேணாம். ஸகாத்தெண்டா அது எனக்குள்ள ஹக்கு, என்ட உரிமை, தலைய நிமித்தி எடுப்பன். நீ தாறது உன்ட இரக்கம். ஒனக்கிட்ட எனக்கு இரக்கம் வேணாம்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மழை வரப்போகிறது என்றேன். மழை அல்லாஹ்வுடையது என்று சொல்லிவிட்டு, நோன்பு திறக்க என்ன செய்தாய் என்று கேட்டாள். அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். உப்பளத்தில் கூடை நிறையாமல் தூக்கிவிடமாட்டாள்.

7

ஆசிரியை சரிபார்க்கச் சொன்னதை ஹனா மறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, என்னிடம் இலக்கத்தை வாங்கித் தானே கோல் எடுத்தாள். நான் குசினியில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

ஹனாவின் தமிழ் எங்கள் வீட்டுக் கதிரைகளைப் போல, உட்காரலாம், சாயக்கூடாது. "அன்ட்டி, நீங்க சொன்ன காசு உண்மையா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். எனக்கு அகப்பை கையில் நின்றுவிட்டது.

"ஓம் மகள். உண்மைதான்."

"மத்த எல்லாரும் குறைய சொன்னாங்க. நீங்க மட்டும் ஏன் கூட?"

"நான் கூடச் செல்லல்ல மகள். அவ்வளவுதான் ஒழைக்கிற." பிறகு ராத்தா கேட்டாள், "ஒங்கட உம்மா எவ்வளவு எடுக்கிறா?"

பதினான்கு வருடத்தில் ஊரில் ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை. எவ்வளவு அனுப்புவாய் என்று கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரிக்கு எவ்வளவு வரும் என்பதை அவரவர் தங்கள் விருப்பப்படி வைத்திருந்தார்கள், நானும் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஹனா ஒளிக்கத் தெரியாத பிள்ளை. மணிக்கு எவ்வளவு என்று சொன்னாள். பிறகு வரிசையை விளங்கப்படுத்தினாள். நாடு முழுக்க நிற்கிற வரிசை, நடுவில் நிற்கிற ஆள், அவருக்கு மூன்று, உம்மாவுக்கு இரண்டு, உம்மா நிற்பது ஆகக் கடைசியில். அதில் பாதி வீட்டு வாடகைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள், நான் கையால் காட்டியும் நிறுத்தவில்லை.

"கடைசியிலயா?" என்று பஸ்ரியா ராத்தா கேட்டாள்.

"ஓம். கடைசி."

"அங்க அவவுக்குச் சோடி இரிக்கா?"

ஹனாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. வாப்பா இருக்கிறார் என்று சொன்னாள்.

"சரி மகள். நல்லாப் படிங்க" என்று சொல்லிப் பஸ்ரியா ராத்தா வைத்துவிட்டாள்.

ஹனா ஒப்படையில் அந்தத் தொகையை மாற்றவில்லை. சரிபார்த்தேன், உண்மை, மற்றப் பத்தொன்பதும்தான் பிழை என்று எழுதிக் கொடுத்தாள். எவ்வளவு புள்ளி கிடைத்தது என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. இவளும் இந்த நாட்டுக்காரிதான்.

8

பெருநாள் தொழுகைக்கு முன்னால் பித்ரா கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைய பகலுக்கும் இரவுக்கும் வீட்டில் சாப்பாடு இருந்து மிச்சமும் இருந்தால், தலைக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து இல்லாதவருக்குக் கொடுப்பது கடமை. இதில் பணக்காரன், ஏழை என்று பெரிய கணக்கு இல்லை. கூலிக்காரியும் கொடுப்பாள். ஒருத்தி ஒரு வாசலால் கொடுத்து மறு வாசலால் வாங்குவதும் உண்டு. நாங்களும் வருடாவருடம் எங்கள் வீட்டு ஆட்களுக்குரியதை நானாவுக்கு அனுப்பிவிடுவோம், அவர் அரிசி வாங்கி ஒழுங்கையில் கொடுப்பார்.

பெருநாள் காலையில் நானா கோல் எடுத்தார். ஸலாமுக்குப் பதில் சொல்வதற்குள் கதையைத் தொடங்கிவிட்டார்.

சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியில் இருந்து வருகிற நேரம். ஹாஜியாரின் வீடு கடைக்குப் பக்கத்தில், ஒழுங்கை முகப்பில். புது உடுப்போடு வாசலில் கதிரை போட்டு இருந்தாராம். பஸ்ரியா ராத்தா கழுவித் தேய்த்த அபாயாவோடு, கையில் ஒரு அரிசிப் பையோடு வந்து அவர் முன்னால் நின்றாளாம்.

"ஹாஜியார், பித்ரா கொண்டுவந்தன்."

ஹாஜியார், கமிட்டியில் சேர்ப்பதற்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, பள்ளியில் கொடுக்கச் சொன்னாராம்.

"பள்ளிக்கில்ல. ஒங்களுக்கு."

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். நானா எதிரே தன் கடை வாசலில் நின்றிருந்தார்.

"எனக்கா? என்ன பேசுறாய் நீ? எனக்குப் பித்ரா எடுக்க ஏலுமா?"

"ஒங்களுக்கு வருமானமே இல்லண்டுதானே எழுதியிரிக்கி. ஒழுங்கையில ஆகக் கூட ஒழைக்கிறவ நான். எனக்குக் கடமை இரிக்கி, ஒங்களுக்கு ஹக்கு இரிக்கி. எடுங்க."

"அந்தக் கணக்குப் பிழை பஸ்ரியா."

"எனக்குச் சரி, ஒங்களுக்குப் பிழையா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை என்று நானா சொன்னார். பையை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெருநாள் வாழ்த்தும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாளாம். ஹாஜியார் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். எடுத்தால் இல்லாதவர் என்று ஆகும், எடுக்காவிட்டால் பொய் சொன்னவர் என்று ஆகும். கடைசியில் மகனைக் கூப்பிட்டு அதைப் பள்ளிக்கு அனுப்பினார். அன்று குத்பாப் பிரசங்கத்தில் ஒன்றும் அவருக்குக் காதில் ஏறியிருக்காது. தொழுகை முடிந்து முஸாபஹா செய்கிற இடத்தில், நானாவின் கையைப் பிடித்துக்கொண்டே, அந்தக் கணக்கை யாரும் பாவிக்க வேண்டாம், முதலில் பேசினபடியே செய்வோம் என்றாராம்.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். எத்தனையோ பெருநாளுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"நாளையிண்டைக்குத் தகரம் ஏத்துறாங்க" என்றார் நானா. பிறகு கொஞ்சம் இழுத்தார். "தங்கச்சி, இன்னொரு பை இரிக்கி."

"என்ன பை?"

"பஸ்ரியா ஹாஜியார்ட போக முந்தி இங்க வந்தவ. இன்னொரு பித்ராவும் அளந்து கொண்டுவந்து தந்திட்டுப் போனா."

"ஆருக்கு?"

"ஒனக்கு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒன்ட மகள் எல்லாம் சென்னவளாம். நீ அங்க கடைசியில நிக்கிறியாம். அவளுக்கு அங்க கூடை தூக்கிவிட ஆக்களில்ல நானா, இத அவட பேர்ல வைங்க எண்டு செல்லிட்டுப் போனா. நான் என்ன செய்ய?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எனக்கு அரிசி அளந்திருக்கிறாள், எனக்கு எதற்கு என்று சொல்ல வாய் வந்தது. என் காசை அவள் வேண்டாம் என்றது நினைவு வந்தது. அது இரக்கம், இது ஹக்கு. ஹக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு யார் உரிமை தந்தது?

"வைங்க நானா. நான் எடுத்துக்கிட்டன் எண்டு செல்லுங்க" என்றேன். பிறகு வைத்துவிட்டேன்.

ஹனா புது உடுப்போடு மாடியில் இருந்து இறங்கி வந்தாள். நான் குசினியில் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். யார் மௌத்தாகிப் போனார் என்று கேட்டாள்.

ஒருவரும் இல்லை, ஊரில் எனக்கு அரிசி வந்திருக்கிறது என்றேன்.

எவ்வளவு என்று கேட்டாள்.

ஒரு முழு ஆளுக்கு உரியது என்றேன்.